குளச்சல் போர் சம்பந்தப்பட்ட இடங்கள பாக்க வர்றவங்க திறந்தவெளி இடங்கள திங்கக்கிழமைக்கு வைங்க

சனி ஞாயிறு திங்கள் லீவுல கன்னியாகுமரி மாவட்டம் வர்றீங்கன்னா பத்மநாபபுரம் அரண்மனைய முதல் ரெண்டு நாள்லயே முடிச்சிருங்க, திங்கக்கிழமை அங்க லீவு. தக்கலை பக்கத்துலயே புலியூர்குறிச்சில உதயகிரி கோட்டை இருக்கு, 1741ல குளச்சல் போர்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்துப் பிடிபட்டு அப்புறம் அவர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் கல்லறை அதுக்குள்ளதான், கண்டிப்பா பாருங்க, ரெண்டையும் ஒரே ஆட்டோல முடிச்சிரலாம். குளச்சல் வெற்றித்தூணும் முட்டம் கடற்கரைப் பாறையும் திறந்தவெளி, கேட் பூட்டுற பிரச்சனை இல்ல, அதனால அத திங்கக்கிழமைக்கு வச்சுக்கலாம். வெள்ளி சனி ஞாயிறு லீவுன்னா இந்தக் கணக்கே வேண்டாம், எந்த வரிசைல வேணாலும் போங்க. மழைக்காலத்துல மட்டும் முட்டம் பாறைல இறங்காதீங்க, அலை ரொம்ப மோசமா அடிக்கும்.