டர்பனிலிருந்து மேரியன் தீவுக் கடலுக்கு: கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு

மேரியன் தீவுக் கப்பலில் போய் வந்ததிலிருந்து, என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்று விசாரிக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "தீவில் எவ்வளவு நேரம் இறக்கி விடுவார்கள்?" என்பதுதான். இறக்கி விடமாட்டார்கள். கரையை ஒட்டிக்கூடக் கப்பல் போகாது. இதைத் தெரிந்துகொண்டு ஏறுகிறவருக்கு அந்தக் கடல் அள்ளிக் கொடுக்கும். தெரியாமல் ஏறுகிறவர் இரண்டாம் நாளே சலித்துப்போய் உள்ளே உட்கார்ந்துவிடுவார்.

மேரியனும் பக்கத்தில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவும் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமானவை. கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். குடிமக்கள் யாரும் கிடையாது. ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிறு குழு ஆண்டு முழுக்கத் தங்கியிருக்கும், அவ்வளவுதான். 1995 முதல் சிறப்பு இயற்கைக் காப்பகம் என்பதால் சுற்றுலாப் பயணி அங்கே கால் வைக்க முடியாது. அந்தத் தடை முழுக்க நியாயமானது என்று நினைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்நாய் வேட்டைக்கு வந்தவர்களின் கப்பல்களில்தான் சுண்டெலி அந்தத் தீவுக்குள் புகுந்தது. எலியை ஒழிக்க 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். அவை ஆயிரக்கணக்கில் பெருகி, வளை தோண்டி வாழும் கடற்பறவைகளை வேட்டையாடித் தீர்த்தன. கடைசிப் பூனையை ஒழிக்க 1991 வரை ஆனது. எலிகள் அப்படியே இருக்கின்றன. இப்போது அவை கூட்டில் உட்கார்ந்திருக்கும், அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. வளர்ந்த பறவைகளையும் விடுவதில்லை. தரைவாழ் பாலூட்டியே இல்லாத தீவில் காலங்காலமாக வாழ்ந்த பறவைக்கு, கடிக்கிற எலியை விட்டு எழுந்து போகவேண்டும் என்றுகூடத் தெரியாது.

சரி, கப்பலுக்கு வருவோம். பேர்ட்லைஃப் சவுத் ஆப்பிரிக்கா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியிலும் 2025 ஜனவரியிலும் பெரிய பயணிகள் கப்பலை ஏற்பாடு செய்து பறவை ஆர்வலர்களை அந்தக் கடலுக்கு அழைத்துப்போனது. 2025இல் கிளம்பியது நம் டர்பன் துறைமுகத்திலிருந்து. ஜனவரி 24 ஏறி, 31 இறங்கினோம். நான் என் மாமனாரோடு போனேன். டொங்காட் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அதுவரை பறவைக்கென்று எங்கும் போனதில்லை. இப்படி ஒரு பயணம் மறுபடி அறிவிக்கப்பட்டால் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். தனியாகப் போகிறவர்களும் பங்கிட்டுத் தங்குகிறவர்களும் தேடும் மலிவான உள் அறைகள்தான் முதலில் தீரும்.

அறையைப் பொறுத்தவரை என் கருத்து: பால்கனிக்குப் பணம் கொட்ட வேண்டாம். அங்கிருந்து கப்பலின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். பறவை எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பகல் முழுக்க வெளித்தளத்தில் நிற்கப் போகிறீர்கள். தூங்க ஒரு கட்டில் போதும். ஆனால் அது கப்பலின் நடுப்பகுதியில், கூடுமானவரை கீழ்த் தளத்தில் இருக்கட்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது என் தொழில். தெற்கு அட்சரேகை நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க ஏறக்குறைய நிலமே இல்லை. பெரிய கப்பலும் ஆடும். சைக்ளிசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகளை வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை, வயிற்றில் நிற்காது. கடல் மோசமாவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். இவை தூக்கம் வரவழைக்கும், எனவே மதுவோடு சேர்க்கக் கூடாது. எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதைப் பயணத்துக்கு முன்பே ஒரு விடுமுறை நாளில் வீட்டில் போட்டுப் பாருங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவேண்டாம். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை உங்களுக்கு எழுதித் தரப்பட்டால், ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த விரலால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும், அப்புறம் பைனாகுலர் இருந்தும் பிரயோஜனமில்லை.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: வாந்தியில் சாப்பாடு இறங்காத நாளில் மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று. நடுக்கடலில் யோசிக்கிற விஷயம் இல்லை அது. அன்றாட மருந்துகளைச் சில நாள் கூடுதலாக எடுத்து, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி வெறும் வயிறு கூடாது. பொரி, உப்புக் கடலை, மாரி பிஸ்கட், இஞ்சி மரப்பா இவற்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக் கொறியுங்கள். குமட்டல் வருவதுபோல் இருந்தால் அறைக்குள் போய்ப் படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்த்தால் நிலைமை மோசமாகும்.

உடை விஷயத்தில் டர்பன்காரர்களுக்கு அனுபவம் போதாது. ஜனவரியில் இங்கே வியர்த்து வழியும்; அதே வாரத்தில் மேரியன் பக்கம் காற்றின் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும், அதன்மேல் புயற்காற்று. ஒரே தடித்த கோட்டு வேண்டாம். உள்ளே உடலோடு ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். டிராகன்ஸ்பர்க் மலைக்கு வாங்கி வைத்தது இருந்தால் அதுவே போதும். காதை மூடும் குல்லாய், விரலை அசைக்க இடம் தரும் கையுறை, செருப்பு வேண்டாம், வழுக்காத ரப்பர் அடி உள்ள மூடிய காலணி. மேகமூட்டம் இருந்தாலும் முகத்துக்கு சன்ஸ்கிரீன் போடுங்கள்.

பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். 8x42 என்று போட்டிருக்கும். பத்து மடங்கில் உங்கள் கை நடுக்கமும் கப்பலின் ஆட்டமும் சேர்ந்து பெரிதாகித் தெரியும். முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கேமரா இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி அளவுக்கு வைத்து எடுங்கள். கண்ணாடியில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும்.

எங்கே நிற்பது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பெரிய கப்பலின் உச்சித் தளம் கடல்மட்டத்திலிருந்து மிக உயரம். அங்கிருந்து பார்த்தால் பறவைகள் சின்னப் புள்ளிகளாகக் காலுக்கடியில் போகும். திறந்த தளங்களில் எது ஆகக் கீழே இருக்கிறதோ அங்கே போங்கள். முதல் நாள் மாலையே, வெளிச்சம் இருக்கும்போது, கப்பலைச் சுற்றி நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்துவிடுங்கள். வெயில் உங்கள் முதுகில் படவேண்டும். காற்று நேரே முகத்தில் அடித்தால் கண்ணில் நீர் வழியும், எதிர்ப்பக்கம் மாறுங்கள். பின்பகுதியில் நின்றால் கப்பலின் நுரைத்தடத்தைத் தொடர்ந்து வரும் அல்பட்ராஸ்களும் பெட்ரல் என்ற கடற்பறவைகளும் திரும்பத் திரும்பக் கிடைக்கும். கப்பலைக் கண்டு விலகி ஓடும் சிறு பறவைகளைப் பார்க்க முன்பகுதி வேண்டும். முதல்முறை போகிறவர் பின்பகுதியில் தொடங்கட்டும்.

கப்பல் கடிகாரம் டர்பன் நேரத்திலேயே இருக்குமானால், தீவுக்கு அருகே ஜனவரிக் கடைசியில் நாலேகால் மணிவாக்கிலேயே விடிந்துவிடும். நீங்கள் கிழக்கேயும் தெற்கேயும் போயிருப்பதன் விளைவு இது. நாலு மணிக்கு அலாரம் வையுங்கள். ஏழு மணிக்குக் காலை உணவை முடித்துவிட்டு நிதானமாக மேலே வருகிறவர்கள் நல்ல வெளிச்சத்தில் பாதியை இழந்துவிட்டார்கள்.

பறவையைப் பார்த்தவுடன் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். கடலில் அடையாளம் காட்ட மரமோ வீடோ கிடையாது. அதனால் கப்பலையே கடிகாரமாக வைத்துக்கொள்கிறார்கள்: முன்முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, பின்புறம் ஆறு, இடப்பக்கம் ஒன்பது. அதோடு தொடுவானத்துக்கு மேலேயா கீழேயா என்று சேர்த்துச் சொன்னால் போதும். என் மாமனார் இதை ஒரே காலையில் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மணி, தண்ணிகிட்டப் பாரும்மா!" என்று அவர் கத்தினால் சுற்றி நிற்கும், தமிழ் தெரியாதவர்களும் அவர் கை காட்டும் திசையில் திரும்பிவிடுவார்கள். பெயர் ஒன்றும் தெரியாது அவருக்கு, ஆனால் கண் அபாரம். "மாமா, அது என்னது?" என்று நான் கேட்டால், "அதைச் சொல்லத்தான் நீ இருக்கியேம்மா" என்பார்.

பெயர்களை மனப்பாடம் செய்து குழம்பவேண்டாம். கிளம்புமுன் நாலைந்து பறவைகளை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும். உடம்பு முழுக்கக் கருப்பாய், அலகு மட்டும் வெளிறித் தெரிந்து, கப்பலை விடாமல் தொடர்ந்து வருவது பெரும்பாலும் ஒயிட்-சின்ட் பெட்ரல். சாம்பல் நிறத்தில், சிறகின்மேல் கருப்பாக ஆங்கில M எழுத்துப் போட்டதுபோல் கோடு இருந்து, அலைகளை ஒட்டி வெட்டி வெட்டிப் பறப்பவை பிரியான்கள். அவற்றில் எந்த இனம் என்று வல்லுநர்களே தகராறு செய்வார்கள். பிரியான் என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வாண்டரிங் அல்பட்ராஸை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல், மூன்றரை மீட்டர் வரைகூடப் போகும். இளம் பறவை சாக்லேட் பழுப்பாகவும் முகம் மட்டும் வெள்ளையாகவும் இருக்கும். வயது ஏற ஏற உடம்பு வெளுக்கும். ஆகவே இரண்டு விதமாகத் தெரிந்தாலும் ஒரே இனம்தான்.

காற்று பலமாக இருக்கிறதென்று உள்ளே போய்விடாதீர்கள், அதுதான் நல்ல நாள். கடல்பரப்பை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப்போக அதிகம். அல்பட்ராஸ் காற்றை எதிர்த்து மேலேறி, திரும்பி, காற்றோடு சறுக்கி இறங்கி, அந்த வேக வித்தியாசத்திலேயே முன்னேறுகிறது. தோள்பட்டையில் இருக்கும் தசைநாண் சிறகை விரித்த நிலையிலேயே பூட்டிவைப்பதால் உழைப்பே இல்லை. நிமிடக்கணக்கில் சிறகை அடிக்காமல் அது கப்பலைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். காற்று விழுந்துவிட்டால் அவை பறக்கச் சிரமப்பட்டுத் தண்ணீரில் உட்கார்ந்துவிடும்.

கடல் மாறுவதையும் கவனியுங்கள். டர்பனிலிருந்து வெளியே வந்ததும் அகுல்லாஸ் நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீலக் கடல், பறக்கும் மீன்கள் எழும்பும். நாற்பது டிகிரியை ஒட்டி வெப்பக் கடலும் குளிர்க் கடலும் சந்திக்கும் இடத்தில் தண்ணீரின் சூடு சட்டென்று குறையும், மூடுபனி வரலாம், கண்ணில் படும் பறவைகளே மாறிவிடும். கப்பலில் தண்ணீரின் வெப்பநிலையை அறிவித்தால் குறித்து வைத்துக்கொண்டு, என்ன பறவை எங்கே தொடங்கியது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். வானிலை பார்த்துக் கேப்டன் வழியை மாற்றினால் மனம் தளரவேண்டாம். அல்பட்ராஸ் இரை தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் வரும் பறவை. தீவு மேகத்துக்குள் மறைந்துபோனாலும் அது உங்களைத் தேடி வரும்.

இருட்டியதும் அறைத் திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். பிரியான், டைவிங் பெட்ரல் போன்ற சிறு பறவைகள் வெளிச்சத்தால் குழம்பிக் கப்பலில் மோதி விழும். விடியற்காலையில் தளத்தின் மூலையில் ஒன்று ஒடுங்கிக் கிடந்தால் நீங்களாகத் தூக்காமல் ஊழியரிடமோ வழிகாட்டியிடமோ சொல்லுங்கள்.

சைவச் சாப்பாடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், காரணம் ஜனவரி பலர் காவடிக்கு விரதத்துக்குத் தயாராகும் காலம். முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள், முட்டை வேண்டாம் என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

தரையில் இறங்கியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவின் லெ போர் துறைமுகத்திலிருந்து குரோசே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகளுக்குச் சரக்கும் ஆராய்ச்சியாளர்களும் கொண்டுபோகும் மரியோன் டுஃப்ரேன் கப்பல், மிகச் சில சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு பேசத் தெரிந்தால் நல்லது. அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து தென் ஜார்ஜியாவுக்குச் சிறு கப்பல்கள் போகின்றன. அங்கே இறங்குமுன் காலணியின் அடிப்பள்ளம், வெல்க்ரோ பட்டை, பையின் தையல் மடிப்பு எல்லாவற்றிலும் விதையோ மண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். 2023இல் பறவைக் காய்ச்சல் அந்தத் தீவை எட்டியபின் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. குண்டூசியால் ஒவ்வொரு விதையாக எடுக்கச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

போகவே வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மவுஸ்-ஃப்ரீ மேரியன் திட்டம், தீவு முழுக்க ஹெலிகாப்டரிலிருந்து விஷம் வைத்த இரையைத் தூவி எலிகளை ஒழிக்கப் பணம் சேர்க்கிறது. எலிகள் பசியில் இருக்கும், பறவைகள் குறைவாக இருக்கும் குளிர்காலத்தில்தான் அதைச் செய்ய முடியும். ஒரு மூலை விட்டுப்போனாலும் எல்லாம் வீண். தீவு சுமார் 30,000 ஹெக்டேர், ஒரு ஹெக்டேருக்கு 1,000 ராண்ட் என்று அவர்கள் இணையதளத்தில் நன்கொடை கேட்கிறார்கள். எங்கள் தெருவில் நாலு குடும்பம் தலைக்கு 250 ராண்ட் போட்டு ஒரு ஹெக்டேருக்குக் கட்டினோம். அடுத்த ஹெக்டேருக்குக் கடையில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், மாத்திரை வாங்க வருகிறவர்கள் சில்லறையை அதில் போடலாம்.