நீச்சல் குளத்துக்கு எதற்கு வெட்சூட்?

சென்னையில் மே மாத வெயில், குளத்துத் தண்ணீர் 28 டிகிரி. ஸ்கூபா, அதாவது சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் பயிற்சியின் முதல் நாள், உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் இல்லாமல், வெறும் ஷார்ட்ஸ், டிஷர்ட்டோடு இறங்கினேன். அரை மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் பல் கிட்டிக்கொண்டது. நீந்தினால் உடம்பு சூடாகும்; இதிலோ தரையில் மண்டியிட்டு, முறை வரும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். நடுக்கத்தில் மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றும் பயிற்சி மூன்று முறை சொதப்பியது.

மறுநாள் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷார்ட்டி, அதாவது அரைக்கை, அரைக்கால் வெட்சூட். குளிர் போச்சு, ஆனால் கீழே போகவே முடியவில்லை! வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் ஆளைத் தக்கை மாதிரி மிதக்க வைக்கின்றன. பயிற்சியாளர் இடுப்புப் பட்டையில் 2 கிலோ ஈயம் கூடுதலாகக் கோத்தார். காற்று நிரப்பி மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்தபோது தண்ணீர் கண்மட்டத்தில் நின்றது. எடை சரி என்றார். தோள்பட்டையில் சிலிண்டர் வார் உரசிய எரிச்சலும் அன்றோடு நின்றது.

குளோரின் போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டேன்.