சங்கிலிக் கக்கூசு பூட்டமுதல் கவனிக்க வேண்டியவை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெளிநாட்டுக் காசில் எழும்புகிற சில வீடுகளுக்கு இப்போது ஒரு புது ஆசை வந்திருக்கிறது. சுவரில் உயரத்தில் தொட்டி, அதிலிருந்து இறங்கும் பித்தளைக் குழாய், இழுக்க ஒரு சங்கிலி. வெள்ளைக்காரன் காலத்துக் கக்கூசு. அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வேலைக்கு இறங்கும் பெடியள் இதையும் சாதாரண கொமட் என்று நினைத்து, எங்கள் ஆக்கள் எப்போதோ செய்து கையைச் சுட்டுக்கொண்ட பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். டேப் சுற்ற மறந்தது, வொஷர் போடாதது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதெல்லாம் ஒழுகும்போது தானாகத் தெரியவரும்.

சாமான் வரமுதல் குழாய் பதிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிற பிழை இதுதான். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீடு. செட் லண்டனில் இருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, இங்கே குடிபுகுதலுக்கு நாள் வைத்தாயிற்று. மேசன் தம்பி பொறுக்கவில்லை. “அண்ணை, எல்லாக் கொமட்டுக்கும் 12 அங்குலம்தான்” என்று சொல்லி, பூசாத கல்லுச் சுவரில் இருந்து அளந்து, தரையில் 4 அங்குலக் குழாயை நிறுத்தி, கொங்கிறீட் போட்டு, டைல்ஸும் ஒட்டி முடித்துவிட்டார். பிறகு செட் வந்தது. பெட்டியைத் திறந்தால் கொமட்டின் வாய் கீழே பார்க்கவில்லை, பின்னுக்குச் சுவரைப் பார்க்கிறது. இதைத்தான் பி டிராப் என்பார்கள். இங்கிலாந்துச் செட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும், கழிவுக் குழாய் தரையில் இருந்து சுமார் 7 அங்குல உயரத்தில் சுவரைத் துளைத்து வெளியே போகவேண்டும். கனடா, அமெரிக்காச் செட் என்றால் வாய் கீழ்நோக்கி இருக்கும், அந்த 12 அங்குலக் கணக்கு அதற்குத்தான் பொருந்தும், அதுவும் டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரில் இருந்து அளக்கவேண்டும். பூச்சும் டைல்ஸும் சேர்ந்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும், பூசாத சுவரில் இருந்து அளக்கும்போது அதையும் 12 அங்குலத்தோடு கூட்டாவிட்டால் கனடாச் செட்கூட அந்த இடத்தில் இருக்காது.

சரி, அதற்குப் பிறகாவது நிறுத்தினார்களா? இல்லை. ஒரு எல்போ, அதாவது வளைவுத் துண்டு போட்டுத் தரைக் குழாயோடு இணைத்தார்கள். கொமட் கிட்டத்தட்ட ஒரு அடி முன்னுக்கு வந்துவிட்டது. சாதாரண கொமட்டில் தொட்டியும் கொமட்டோடு சேர்ந்து முன்னுக்கு வரும், சமாளிக்கலாம். இதில் தொட்டி சுவரில், கொமட் தரையில், இரண்டையும் இணைப்பது சுவரோடு ஒட்டி இறங்கும் ஒற்றைக் குழாய். அதன் கீழ் வளைவு கொமட்டை எட்டவில்லை. இடைவெளிக்கு ஒரு சாம்பல் நிற பிவிசித் துண்டைச் சொருகி சிலிக்கோன் அப்பினார்கள், பளபளக்கும் பித்தளைக்குக் கீழே. இரண்டு மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிற தண்ணி அல்லவா, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அந்தப் பொருத்து கக்கியது. போதாததற்கு உள்ளே திறக்கிற கதவு இருக்கிறவரின் முழங்காலில் இடித்தது. கடைசியில் தரையை உடைத்தார்கள். அதே நிற டைல்ஸ் கடையில் தீர்ந்துவிட்டதால் தரை முழுவதையும் மாற்றவேண்டி வந்தது. செட்டின் விலையைவிட அந்த உடைப்புக்குத்தான் கூடச் செலவாகியிருக்கும்.

செட் கைக்கு வரும்வரை அந்த மூலையை மூடவேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கொங்கிறீட் போடாமல் மணலை நிரப்பி விடுங்கள். வந்ததும் முடிந்த தரை மட்டத்துக்கு ஒரு டைல்ஸ் துண்டை வைத்து அதன்மேல் கொமட்டை இருத்தி, சுவரில் நடுக்கோடு கீறி, தொட்டியின் வாயில் இருந்து தூக்குக்குண்டை விட்டுப் பாருங்கள். அது கொமட்டின் தண்ணி வாய்க்கு நேரே நின்றால் சரி, பிறகு குழாயைப் பதிக்கலாம். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் அனுப்புகிறவரிடம் அளவுப் படத்தைக் கேளுங்கள். போட்டோ வேண்டாம், அளவுப் படம்.

தொட்டிக்கு நேரே ஜன்னல்

எங்கள் வீடுகளில் மலசலகூடத்துச் சின்ன ஜன்னல் பின்சுவரின் நடுவில், 7 அடி லிண்டலுக்குக் கீழே இருக்கும். தொட்டி உட்காருவதும் சரியாக அந்த உயரத்தில்தான். ஜன்னலைப் பக்கச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள், கல் கட்டமுதல்.

தண்ணித் தாங்கி

கூரைத் தட்டில் 10 அடி உயரத்தில் கறுப்புத் தாங்கி இருக்கிறது என்று வைப்போம். கீழே பைப்பைத் திறந்தால் தண்ணி நன்றாகத்தான் வரும். ஆனால் இந்தத் தொட்டிக்குள் தண்ணி ஏறும் இடமே 7 அடியில் இருக்கிறது, தாங்கி அடிமட்டத்துக்கு வந்தால் மிஞ்சுவது 3 அடிதான், 0.1 பார் அழுத்தம்கூட இல்லை. இங்கிலாந்துச் செட்டோடு வருகிற மிதவை வால்வு கூடிய அழுத்தத்துக்கு என்றால் அதன் துளை மிகச் சின்னது, தொட்டி நிரம்பமுதல் அடுத்த ஆள் கதவைத் தட்டும். குறைந்த அழுத்தத்துக்கான வால்வைக் கேட்டு வாங்குங்கள், அல்லது தாங்கியின் ஸ்டாண்டை உயர்த்துங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு படிகிற இடங்களில் வால்வை இடைக்கிடை கழற்றி அந்தத் துளையைத் துடைக்கவும் வேண்டும். கனடாச் செட் என்றால் வால்வின் புரியும் எங்கள் குழாய்க்குச் சேராது, அடப்டர் தேவை. ஆவணி, புரட்டாதியில் கிணறு கீழே போகிற ஊர்களில் பழைய 9 லீற்றர்த் தொட்டியை ஆசைப்பட்டு வாங்கவேண்டாம் என்பதும் என் அபிப்பிராயம். 6 லீற்றரிலும் வருகிறது.

ஓட்டைக் கல்லுச் சுவர்

திருகாணி இறுக்கச் சுவரில் சொருகுகிற ரோல் பிளக் இதில் நிற்காது. தொட்டியைத் தாங்கும் கைகள் வருகிற இடத்தில் கல்லின் ஓட்டைகளைக் கட்டும்போதே கொங்கிறீட்டால் நிரப்புங்கள். தலைக்கு மேலே தொங்கப்போவது இரும்புத் தொட்டி.

மரத் தொட்டி

கறையான். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

சங்கிலி எந்தப் பக்கம்

வலப்பக்கம். எந்தக் கையால் கழுவுகிறோம் என்று யோசித்தால் விளங்கும். படத்தில் இடப்பக்கம் இருக்கிறது என்று அப்படியே பூட்டுகிறார்கள், பல செட்டுகளில் சங்கிலி தொங்குகிற கம்பியைப் பக்கம் மாற்றலாம். பூட்டமுதல் பாருங்கள், மேலே ஏறிய பிறகு ஏணி வேண்டும்.