ஸ்டேஷன் பக்கத்தில் பத்து ஏக்கர்: வீடு, கடை, வேலை கலந்த குடியிருப்பைத் திட்டமிடுவது எப்படி

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஜிஎஸ்டி சாலையோரம் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) பத்து ஏக்கர் சேர்ந்தாற்போல் அமைந்துவிட்டால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? எத்தனை ஃபிளாட் போடலாம் என்று முதலில் கணக்கு, அப்புறம் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், சுற்றி ஒரு மதில், கடைசியில் 'ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்று ஒரு விளம்பரம். வீடு, கடை, அலுவலகம், கிளினிக், பள்ளி எல்லாம் கலந்து வரவேண்டும், கார் இல்லாத குடும்பமும் அங்கே நிம்மதியாக இருக்கவேண்டும் என்று நினைத்தால் வேலையை மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். போக்குவரத்து முதலில், தண்ணீர் அடுத்து, கட்டடம் அதற்குப் பிறகு.

காலை எட்டு மணிக்கு நிலத்தின் நடுவிலிருந்து ரயில் நடைமேடை வரை நடந்து பாருங்கள். தனியாக ஒரு முறை, வயதானவர் ஒருவரோடு ஒரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை. வரைபடத்தில் ஸ்டேஷனைச் சுற்றி 800 மீட்டருக்கு வட்டம் போடுவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிலத்திலிருந்தே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டி வரலாம், ஏனென்றால் நடுவில் ஜிஎஸ்டி சாலையின் தடுப்புச் சுவர் இருக்கும், தண்டவாளம் இருக்கும், டிக்கெட் கவுன்டர் அந்தப் பக்கம் இருக்கும், குறுக்கு வழியை யாரோ ஒருவரின் காம்பவுண்டு அடைத்திருக்கும். ஒவ்வொரு தடையையும் எழுதி, எதிரில் அது யாருடைய பொறுப்பு என்று குறியுங்கள். சாலையைக் கடக்கும் இடம் நெடுஞ்சாலைக்காரர்களிடம், நடைமேம்பாலமும் இரண்டாவது நுழைவாயிலும் ரயில்வேயிடம், நடைபாதையும் தெருவிளக்கும் ஊராட்சி அல்லது நகராட்சியிடம், நடைபாதையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்திடம். இந்த ஒரு தாள்தான் உங்கள் திட்டத்தின் முதல் ஆவணம், கட்டட வரைபடம் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியும், அங்கே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வருபவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. வேளச்சேரி பறக்கும் ரயில் 2007-ல் வந்துவிட்டது, அங்கிருந்து பரங்கிமலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் இணைப்பு மட்டும் கடைசி அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சினையில் ஆண்டுக்கணக்கில் நின்றது. அந்தப் பாதையின் ஸ்டேஷன்களுக்கு மேலே கட்டிய பெரிய பெரிய தளங்கள் நீண்ட காலம் காலியாகவே கிடந்தன. ஸ்டேஷன் பக்கத்தில் இடம் இருப்பது மட்டும் போதாது, தெருவிலிருந்து அங்கே சுலபமாகப் போய்ச் சேர முடியவேண்டும், இல்லாவிட்டால் கடை ஓடாது.

சரி, இப்போது கணக்கு. பத்து ஏக்கர் என்பது சுமார் 40,000 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு (நிலத்தின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்று எடுத்தால் 80,000 சதுர மீட்டர் கட்டலாம். அதில் 70 சதவீதம் வீடு என்றால் 56,000. பொது இடமும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 80 சதுர மீட்டர் வைத்தால் 700 வீடு, வீட்டுக்குச் சராசரி மூன்றரைப் பேர் என்றால் ஏறக்குறைய 2,450 பேர். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வீட்டுக்கு ஒருவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினால் 700 பேர். எல்லோரையும் 35 பேர் ஏறும் மினி பஸ்ஸில் அனுப்ப நினைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் 20 டிரிப், அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ். நடக்காது. பாதிப் பேர் நடந்தும் சைக்கிளிலும் போனால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று போதும், அதை இரண்டு மூன்று வண்டிகளை வைத்தே ஓட்டிவிடலாம். அதனால்தான் நடைபாதை என்பது அழகு வேலை ஆகாது, பஸ் செலவைப் பாதியாகக் குறைக்கும் வேலை. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், கடைகள் முன்னால் 2.5 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி ஏற வேண்டியிருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் சாலையில்தான் நடப்பார்கள்.

பஸ் விஷயத்தில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் பேசுவதை வீடு விற்ற பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். வரைபடம் முடிவாகும் முன்பே போய், பஸ் திரும்பும் இடத்தையும் நிறுத்தத்தையும் உங்கள் நிலத்திலேயே தருவதாக எழுத்தில் சொல்லுங்கள். 12 மீட்டர் நீளப் பேருந்து பின்னால் எடுக்காமல் ஒரே வளைவில் திரும்ப வேண்டும். நிறுத்தத்தை மெயின் கேட்டுக்கு வெளியே வெயிலில் வைக்காமல் மளிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் பக்கத்தில் வையுங்கள், இரவு ஒன்பது மணிக்கு இறங்கும் பெண்ணுக்கு அங்கே வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். ஷேர் ஆட்டோவுக்கும் இடம் ஒதுக்குங்கள். இடம் தராவிட்டாலும் அவை வரத்தான் போகின்றன, வந்து பஸ் வழியை மறிக்கும்.

அப்புறம் அந்த மதில். பத்து ஏக்கரைச் சுற்றி மதில் எழுப்பினால் பின்பக்கத்து ஊர்க்காரர்கள் ஸ்டேஷனுக்குப் போக முழுவதும் சுற்றிப் போக வேண்டும். நிலத்துக்கு நடுவே பொதுமக்கள் எப்போதும் போய்வரக்கூடிய தெரு ஒன்று விடுங்கள். பாதுகாப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி வாசல் பூட்டு இருந்தால் போதும். இந்தத் தெருவால் உங்களுக்குத்தான் ஆதாயம், 700 வீட்டை மட்டும் நம்பிக் கடை வைப்பவர் ஆறு மாதத்தில் மூடிவிடுவார், ஊரே அந்த வழியாக நடந்தால் தாக்குப்பிடிப்பார். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெரு வழியாக தி. நகருக்குள் போகும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு நெரிசல் வேண்டாம், ஆனால் கடைத்தெருவை வாழவைப்பது நடந்துபோகிறவர்கள்தான்.

கடைகளைச் சின்னதாகவும் போடுங்கள். எல்லாமே 1,000 சதுர அடி என்றால் சூப்பர் மார்க்கெட்டும் வங்கியும் மட்டும்தான் வரமுடியும். மாவுக்கடை, இஸ்திரி, தையல், செருப்பு தைப்பவர், பூக்கடை, மெடிக்கல் இவற்றுக்கு 100, 150 சதுர அடி போதும். அங்கே வேலை செய்பவர்கள், செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வருபவர்கள் குடியிருக்கச் சிறிய வாடகை வீடுகளும் அதே இடத்தில் இருக்கட்டும். சென்னை நகருக்குள் இருந்த ஏழைக் குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றியபோது எத்தனை பேர் வேலையை இழந்தார்கள், எத்தனை பிள்ளைகளின் படிப்பு நின்றது என்று பார்த்த பிறகும், வேலை ஓரிடம் வீடு ஓரிடம் என்று புதிதாக ஒரு திட்டம் போடுவது நியாயமே இல்லை.

பார்க்கிங்கை வீட்டோடு ஒட்டாமல் வையுங்கள். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தின் வௌபான் பகுதியில் கார்களைக் குடியிருப்பின் ஓரத்தில் பொதுக் கட்டடங்களில் நிறுத்துகிறார்கள், கார் வைத்திருப்பவர் அதற்குத் தனியாகப் பணம் கட்டுகிறார், 2006-லிருந்து டிராமும் அங்கே வருகிறது. நம் ஊரில் விதிப்படி தரவேண்டிய எண்ணிக்கையைத் தந்துதான் ஆகவேண்டும். ஆனால் பகலில் அலுவலகக் காரும் இரவில் வீட்டுக் காரும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி அமைக்கலாம். ஸ்டில்ட் பார்க்கிங்கை (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம்) தனியாக விற்கக்கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே வீட்டு உரிமையாளர் சங்கம் மாத வாடகைக்கு விடும் ஏற்பாடு பற்றி வக்கீலிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 2,450 பேருக்கு 3.3 லட்சம் லிட்டர். லாரி என்றால் 12,000 லிட்டர் லாரி தினமும் 27, 28 முறை வரவேண்டும். வருடத்துக்குச் சுமார் 12 கோடி லிட்டர். அதே பத்து ஏக்கரில், ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் என்றால், 5.6 கோடி லிட்டர் விழுகிறது! எல்லாவற்றையும் பிடிக்க முடியாதுதான், ஆனால் கூரைத் தண்ணீரைத் தொட்டியிலும் மீதியைக் கிணற்றிலும் திறந்த குளத்திலும் இறக்கினால் லாரி எண்ணிக்கை குறையும். கழிப்பறைக்கு மட்டும் ஆளுக்கு 45 லிட்டர் போகிறது, அதற்குச் சுத்திகரித்த கழிவுநீர் போதும். இரண்டாவது குழாய் வரிசையை முதலிலேயே போடுங்கள், பிறகு சுவரை உடைத்துப் போடுவது எளிதில்லை.

மழை நமக்கு எதிரியாகவும் வரும். 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது, அது பத்து ஏக்கரில் ஏறக்குறைய 2 கோடி லிட்டர். நிலம் வாங்கும் முன்பே கிராம வரைபடம், புலப்பட நகல் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அ பதிவேடு (நிலம் யாருடையது, எந்த வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) மூன்றையும் வைத்துக்கொண்டு வாய்க்கால் எங்கே, ஏரி உபரிநீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், பக்கத்தில் பயிர் வைத்த பெரியவர்களையும் கேளுங்கள். வாய்க்கால் உங்கள் நிலத்தின் வழியாகப் போனால் அதைக் குழாய்க்குள் அடைக்காமல் இருகரையிலும் புங்கையும் பூவரசும் வைத்து நடைபாதையாக்குங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த ஒரு ஏக்கரை யாரும் போகாத மூலையில் தள்ளாமல் வாய்க்காலையும் பொதுத் தெருவையும் ஒட்டிக் கொடுங்கள்.

கட்டும் வரிசையில் கடைசியாக ஒன்று. முதல் கட்டத்திலேயே பொதுத் தெரு, நடைபாதை, பஸ் நிறுத்தம், பத்துப் பதினைந்து சின்னக் கடைகள் வந்துவிட வேண்டும். முதல் குடும்பம் குடிவரும் நாளிலிருந்தே ஸ்டேஷனுக்கு இணைப்பு வண்டி ஓட வேண்டும், காலியாகப் போனாலும் பரவாயில்லை, ஏனென்றால் குடிவந்த மாதமே பைக்கும் காரும் வாங்கிவிட்டவர் அப்புறம் பஸ்ஸுக்குத் திரும்புவது கடினம். அந்த வண்டிக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் ஆகும் முதல் இரண்டு வருடச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடை வாடகையிலிருந்தும் பார்க்கிங் வாடகையிலிருந்தும் எவ்வளவு தரவேண்டும் என்பதைச் சங்கத்தின் விதிகளில் எழுதி, விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்து, வாங்குபவரிடம் கையெழுத்துப் போடும் முன் படித்துக் காட்டுங்கள்.