பழைய தேதிக்கு டாலர் ரேட் எடுப்பது எப்படி: மாங்கூழ் இன்வாய்ஸ் முதல் மலாயா மணியார்டர் வரை

கிருஷ்ணகிரி ஆலை ஒன்று துபாய்க்கு அனுப்பிய மாங்கூழுக்கு ரூபாயில் மூன்று வெவ்வேறு மதிப்புகள் இருக்கும். ஷிப்பிங் பில்லில் ஒன்று, வங்கி வரவில் ஒன்று, கணக்குப் புத்தகத்தில் ஒன்று. மூன்றும் சரிதான். கூகுளில் தேதியைத் தட்டினால் வரும் நான்காவது எண்தான் எந்த அலுவலகத்திலும் செல்லாது. அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் எண். அந்த விலைக்கு எந்த வங்கியும் நமக்கு டாலர் தராது. ஆகவே ரேட்டைத் தேடும் முன், அதை யாரிடம் காட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுங்கம், ஜிஎஸ்டி

சரக்கு என்றால் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் அறிவிக்கும் ரேட். இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று எனத் தனித்தனி. நெடுங்காலமாக மாதத்தின் முதல், மூன்றாம் வியாழன்களில் அறிவித்து மறுநாள் முதல் அமலாக்கும் வழக்கம். அதனால் பழைய அறிவிப்பை எடுக்கும்போது, அதன் தலைப்பில் உள்ள தேதியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் அமல் தேதியைப் பாருங்கள். சுங்கத்தில், பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதித் தாள்) அல்லது ஷிப்பிங் பில் (ஏற்றுமதித் தாள்) தாக்கல் செய்த நாளில் எது அமலில் இருந்ததோ அதுதான் கணக்கு. இன்வாய்ஸ் தேதியைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரு அறிவிப்பு தள்ளிப்போய், தொகை ஒட்டாது.

வருமான வரி

ஓசூர் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் பலரிடம் வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியின் பங்குகள் உண்டு. 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு அவர்களுக்கு வருமான வரி விதிகள் 1962-இன் 115-ஆம் விதி: பாரத ஸ்டேட் வங்கியின் டிடி (TT, அதாவது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட். டிவிடெண்டுக்கும் பங்கு விற்ற லாபத்துக்கும் முந்தைய மாதக் கடைசி நாளின் ரேட்தான் எடுக்க வேண்டும். அக்டோபர் 5-இல் விற்றால் செப்டம்பர் 30. அது ஞாயிறாக இருந்தால் அதற்கு முந்தைய வேலைநாளின் ரேட்டை வைப்பது வழக்கம்.

தொல்லை எங்கே என்றால், வங்கியின் தளத்தில் அன்றைய ரேட் தாள் மட்டுமே இருக்கும், நேற்றையது போய்விடும். மாதக் கடைசியில் அந்த பிடிஎஃப்-ஐ இறக்கி, தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் கிளையில் கடிதம் கொடுத்துக் கேட்கலாம், அல்லது தன்னார்வலர்கள் தினமும் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்புகளில் தேடலாம். தாளில் டிடி, பில், டிராவல் கார்டு, கரன்சி நோட்டு என்று பத்திகள் அடுத்தடுத்து நிற்கும். கண் ஒரு பத்தி நகர்ந்தால் கணக்கு போச்சு. 'பை' (buy) என்பது வங்கி நம்மிடம் வாங்கும் விலை; விற்கும் விலையான 'செல்'லைவிட (sell) குறைவாகத்தான் இருக்கும். உங்கள் கையில் உள்ளது பெரிய எண் என்றால் தப்பான பத்தியில் இருக்கிறீர்கள்.

ரெஃபரன்ஸ் ரேட்

ஒப்பந்தம், தகராறு, மதிப்பீடு என்றால் இதுதான் பொது அளவுகோல். 2018 ஜூலை தொடக்கம் வரை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அந்த மாதம் 10-ஆம் தேதி முதல் எஃப்பிஐஎல் (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) என்ற நிறுவனம் வெளியிடுகிறது. டாலர், பவுண்டு, யூரோ, யென் ஆகியவற்றைப் பழைய தேதிகளுக்கும் பார்க்கலாம். யென் மட்டும் 100 யென்னுக்கான விலை. இதைக் கவனிக்காமல் நூறு மடங்கு தப்பு செய்பவர்கள் உண்டு. பகல் 11:30 முதல் 12:30 வரை நடந்த வியாபாரத்திலிருந்து எடுப்பதால் அன்றைய உச்சமும் அடியும் இதில் தெரியாது.

விடுமுறையும் மும்பைக் கணக்குதான். பொங்கலை ஒட்டித் தர்மபுரியில் வங்கி மூடியிருக்கும் நாளிலும் ரேட் இருக்கலாம். மே 1 போன்ற மகாராஷ்டிர விடுமுறைகளில் இருக்காது.

திர்ஹாம், ரியால்

சுங்கத்துக்கும் வருமான வரிக்கும் மேலே சொன்ன பட்டியல்கள்தான்; மற்றபடி திர்ஹாம், ரியால் இன்வாய்ஸுக்குத் தனிப் பட்டியல் தேடி அலைய வேண்டாம். 1 டாலர் 3.6725 திர்ஹாம் என்று 1997 முதல் கட்டி வைத்திருக்கிறார்கள். சவூதி ரியால் 3.75. டாலர் ரேட்டை அதனால் வகுத்தால் போதும். உதாரணமாக டாலர் 83.40 என்று வைத்துக்கொண்டால் திர்ஹாம் 22.7093. 91,800 திர்ஹாம் இன்வாய்ஸ் ரூ. 20,84,713.74 ஆகும். 22.70 என்று சுருக்கியவர் ரூ. 853.74 விட்டிருப்பார். ரேட்டை நான்கு தசமம் வரை வையுங்கள். தொகையை மட்டும் கடைசியில் முழுமையாக்குங்கள்.

பழைய பத்திரம், பழைய ரசீது

1973 முதல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் தினசரிப் பட்டியல் இருக்கிறது. அது நியூயார்க் நண்பகல் விலை. நமக்கு அப்போது இரவு. அமெரிக்கத் தளங்களில் மாதம் முன்னால் வரும் என்பதையும் மறக்காதீர்கள். 03/07/1991 அங்கே மார்ச் 7. நீங்கள் தேடியது ஜூலை 3 என்றால், ரூபாய் மதிப்பை இரண்டு தவணையில் குறைத்த அந்த வாரமே கைநழுவிப்போகும். டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து 26 அருகே ஏறிய வாரம் அது. 1992 மார்ச் முதல் 1993 பிப்ரவரி வரை இரண்டு ரேட் ஓடியது: ஏற்றுமதி வரவில் 40 சதவீதம் அரசு விலைக்கு, 60 சதவீதம் சந்தை விலைக்கு. அந்த ஆண்டுக்கு ஒரே எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அதற்கும் முந்தைய காலத்துக்கு மனக்கணக்கே போதும், ஏனென்றால் விலை கட்டப்பட்டிருந்தது. டாலர் 1940 முதல் 1949 செப்டம்பர் வரை ரூ. 3.31 அளவில், பிறகு 4.76, 1966 ஜூன் 6 முதல் 1971 வரை 7.50.

தாத்தா மலாயாவிலிருந்து அனுப்பிய பணத்துக்கு இந்த டாலர் ரேட்டைப் போடக்கூடாது. மலாயா டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ், ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என இரண்டும் பவுண்டோடு கட்டப்பட்டவை. ஜப்பானியர் காலம் நீங்கலாக 1966 வரை 9 மலாயா டாலருக்கு 14 ரூபாய். 1949 மதிப்புக் குறைப்பு இதைத் தொடவில்லை, இரண்டும் பவுண்டோடு சேர்ந்தே இறங்கின. 1966 ஜூனுக்குப் பின் ஒரு மலாயா டாலர் ரூ. 2.45. தர்மபுரி 1965 வரை சேலம் ஜில்லாவில் இருந்ததால் தாளில் ஊர் அப்படித்தான் எழுதியிருக்கும். 1957 ஏப்ரலுக்கு முன் தொகை அணா, பை என்ற பழைய நாணயக் கணக்கில் இருக்கும். 8 அணாவை 8 பைசாவாகப் படித்துவிடாதீர்கள். 1966-க்கு முன் 45 மலாயா டாலர் அனுப்பியிருந்தால் சரியாக 70 ரூபாய் வர வேண்டும். ரசீதில் 69 ரூபாய் சொச்சம் இருந்தால், ரேட்டைத் திருத்தும் முன் கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள் என்று பாருங்கள்.