இணையத்தில் மருத்துவத் தகவல்கள் முட்டிக்கொள்ளும்போது நாம் செய்யும் தவறுகள்

அப்பாவுக்கு 71 வயது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு பிரஷர் கருவி வாங்கிக்கொண்டு போனேன். போன கையோடு கட்டிப் பார்த்தோம்: 134/84. தம்பி உடனே கைபேசியில் தேடினான். ஓர் இணையதளம் 'உயர் ரத்த அழுத்தம், முதல் நிலை' என்றது. இன்னொன்று 'சற்று அதிகம்தான், ஆனால் நோய் இல்லை' என்றது. தம்பி முதலாவதை நம்பி, இனிமேல் சமையலில் உப்பைப் பாதியாக்க வேண்டும் என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டான். அப்பா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு அப்பளம் பொரிக்கச் சொன்னார்.

இரண்டு தளங்களும் பொய் சொல்லவில்லை. 'யார் சொல்வது சரி?' என்று நாங்கள் கேட்டதுதான் முதல் தவறு. இது எந்தக் கேள்விக்கு, யாருக்காகச் சொல்லப்பட்ட பதில் என்று பார்த்திருந்தால் அன்றைய சண்டையில் பாதி நடந்திருக்காது.

2017-இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள், உயர் ரத்த அழுத்தம் என்று சொல்வதற்கான எல்லையை 140/90-லிருந்து 130/80-க்கு இறக்கின. ஐரோப்பிய இதய மருத்துவர்கள் 140/90-ஐ மாற்றவில்லை. அந்த ஓர் அறிவிப்பால் அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதமாக இருந்த ரத்த அழுத்தக்காரர்கள் 46 சதவீதம் ஆனார்கள். யார் உடம்பிலும் எதுவும் மாறவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது. புதிதாகக் கோட்டுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அமைப்புகள் மாத்திரையைப் பரிந்துரைக்கவில்லை என்பதும், உணவையும் நடையையும் கவனிக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டன என்பதும் தலைப்புச் செய்தியில் வரவில்லை.

கோட்டை நகர்த்தியதற்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆய்வு 2015-இல் வெளியான ஸ்பிரின்ட். 9,361 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மேல் அளவை (134/84 என்றால் 134) 140-க்குக் கீழும் மற்றதற்கு 120-க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். 120 குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை 25 சதவீதம் குறைந்தன. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம் தெளிவாக இருந்தது.

இந்த 25 சதவீதத்தில்தான் அடுத்த தவறு ஒளிந்திருக்கிறது. எதில் 25 சதவீதம்? 140 குழுவில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். 120 குழுவில் அது 16, 17 பேர். ஆயிரத்தில் ஐந்தாறு பேர் தப்பித்தார்கள் என்றாலும் 25 சதவீதம் குறைந்தது என்றாலும் கணக்கு ஒன்றே. முன்னது சாதாரணமாகத் தெரிகிறது, பின்னது அதிசயமாகத் தெரிகிறது. மருந்து விற்பவர் எதைச் சொல்வார், மருந்தே வேண்டாம் என்பவர் எதைச் சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் வெகுவாக இறங்கிப்போவதும் மயங்கி விழுவதும் சிறுநீரகப் பாதிப்பும் 120 குழுவில்தான் அதிகம் இருந்தன. சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்கு வேறு ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

'யாருக்கு' என்பதைப் பார்க்காமல் விடுவதால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய இடம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின். 'தினமும் ஆஸ்பிரின் வேண்டாம்' என்ற காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அடிப்படை இல்லாத பேச்சு அல்ல. 2018-இல் வெளியான பெரிய ஆய்வுகளில், இதய நோயே வந்திராதவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரினால் கிடைக்கும் நன்மை சொற்பமாகவும் ரத்தக்கசிவு அபாயம் கூடுதலாகவும் இருந்தன. 2022-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் முதல் மாரடைப்பைத் தடுப்பதற்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்றது. 'முதல்', 'புதிதாக' என்ற இரண்டு சொற்களையும் கத்தரித்துவிட்டால் மிஞ்சுவது விஷம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும், இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்தவருக்கும் அந்தப் பரிந்துரை எழுதப்படவில்லை. அவர்கள் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படி நிறுத்தியிருந்தார். நல்லவேளையாக, மாதாந்தரப் பரிசோதனையில் மருத்துவர் கண்டுபிடித்துத் திட்டி, மீண்டும் போட வைத்தார்.

வேறு வகை முட்டல் ஒன்று 2023 ஜூலையில் வந்தது. சர்க்கரை இல்லாத குளிர்பானங்களில் சேர்க்கப்படும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. அதே நாளில், உணவில் சேர்க்கும் பொருட்களை மதிப்பிடும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட வேண்டுமானால் தினமும் 9 முதல் 14 கேன் வரை குடித்தாக வேண்டும். ஒரே நிறுவனத்தின் குடையின் கீழ் இரண்டு பேச்சா என்று பலர் கேலி செய்தார்கள். கிணற்றில் விழுந்தால் ஆள் சாகக்கூடுமா என்பது முதல் குழுவின் கேள்வி. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கிணறு எவ்வளவு தூரம் என்பது இரண்டாவது குழுவின் கேள்வி. இதே முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் பட்டியலிலேயே சேர்த்தபோதும் இந்தக் குழப்பம்தான். இரண்டுக்கும் ஆதாரத்தின் உறுதி ஒன்று, ஆபத்தின் அளவு ஒன்றல்ல.

சில முட்டல்கள் வெறும் அலகுச் சண்டை. டொராண்டோவில் இருக்கும் சித்தி, சாப்பாட்டுக்கு முன் தனக்குச் சர்க்கரை 7.2 என்று சொல்ல, 'ஏழுதானா? மயக்கம் வந்துவிடுமே, முதலில் எதையாவது சாப்பிடு!' என்று அம்மா பதறினார். கனடாவில் மில்லிமோல், நம் ஊரில் மில்லிகிராம். 18-ஆல் பெருக்கினால் அது 130, சாப்பாட்டுக்கு முன் அது குறைவல்ல, அதிகம். பதற்றம் நியாயம்தான், திசைதான் தப்பு.

பத்துத் தளங்கள் ஒன்றையே சொல்கின்றன என்பதால் நம்புவதும் தவறு. சில வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே செய்திக் குறிப்பின் பத்து நகல்களாக இருக்கும், பிழைகள் உட்பட. 'மஞ்சள் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது' என்ற வகைச் செய்தியில், எங்கே கொன்றது என்று தேடினால் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் என்று இருக்கும். அந்தத் தட்டில் பினாயிலை ஊற்றினாலும் செல் சாகும்.

எனக்கு இவற்றையெல்லாம்விட எரிச்சலூட்டுவது, 'இன்று ஒன்று சொல்வான், நாளை ஒன்று சொல்வான், எல்லாம் வியாபாரம்' என்று கையை உதறுகிற பேச்சு. புகையிலையைப் பற்றி மருத்துவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றைத்தான் சொல்லிவருகிறது. அதிக உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதிலும் 160/100-ஐக் கவனிக்காமல் விடக்கூடாது என்பதிலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சண்டை இல்லை. சண்டை நடப்பது 130-க்கும் 140-க்கும் நடுவில் உள்ள சிறிய வரப்பில்தான்.

அப்பாவின் 134-க்கு வருகிறேன். நாங்கள் அளந்த அழகைப் பின்னர்தான் யோசித்தேன். காபி குடித்த கையோடு, சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றி, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, தம்பியிடம் பேசிக்கொண்டே இருந்தார். இவை ஒவ்வொன்றும் அளவைப் பிறழச் செய்யக்கூடியவை. மறுநாள் முதல் ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, வெறும் கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்தோம். சராசரி 126/78. வீட்டில் அளந்தால் எல்லைக்கோடு 135/85 என்று ஐரோப்பிய வழிகாட்டுதலில் தனியாக இருப்பதையும் அப்போதுதான் படித்தேன். குறித்துவைத்த தாளை மருத்துவரிடம் நீட்டினோம். அவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. அப்பளம் எத்தனை என்றுதான் கேட்டார். அப்பா ஒன்று என்றார், அம்மா நான்கு என்றார்.