ஐபிஎல் சீசன் தொடக்கத்திலேயே சிஎஸ்கே தோல்வியா? இப்படிப் பாருங்கள்

மஞ்சள் சட்டையோடு சேப்பாக்கத்திலிருந்து கிளம்பி, மெட்ரோவில் யாரும் யாரோடும் பேசாமல் வீடு திரும்பும் ராத்திரி எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே பாயிண்ட்ஸ் டேபிளைத் திறக்காதீர்கள்.

மறுநாள் காலை காபி குடித்துவிட்டு, ஒரு நோட்டில் கணக்குப் போடுங்கள். லீகில் ஒரு அணிக்கு 14 ஆட்டம், வெற்றிக்கு 2 புள்ளி. 2010-ல் சென்னை முதல் 7 ஆட்டத்தில் 2 மட்டுமே ஜெயித்தது, மொத்தம் 7 வெற்றி, புள்ளி சமமாக இருந்த அணிகளுக்கு நடுவே 14 புள்ளியோடு ரன் ரேட்டில் (ஓவருக்கு நாம் எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம்) அரையிறுதிக்குள் நுழைந்து கோப்பையையே தூக்கியது. 2015-ல் மும்பை முதல் 4 ஆட்டமும் தோற்றுவிட்டு சாம்பியன் ஆனது (இறுதிப் போட்டியில் நம்மைத்தான் வென்றார்கள், அது தனி வேதனை).

அதனால் ரன் ரேட்டை விடாமல் கவனியுங்கள். 20 ஓவருக்கு முன்னால் ஆல் அவுட் ஆனாலும் முழு 20 ஓவர் ஆடியதாகத்தான் கணக்கு, அதாவது 15 ஓவரில் 120-க்குச் சுருண்டால் உங்கள் விகிதம் 8 இல்லை, 6. கடைசி ஓவரில் தோற்பதும் 60 ரன்னில் தோற்பதும் ஒன்றே இல்லை.

அப்புறம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் 6 ஓவரான பவர்பிளேயில் எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாலு ஆட்டம் சேர்ந்ததும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். கோபம் வந்தால் அணித் தேர்வைத் திட்டுங்கள், சரி. வீரர்களின் வீட்டு ஆட்களை மட்டும் இழுக்காதீர்கள்.